டயல்-அப் இணைப்புக்குத் திரையோரம் ஒரு விளக்கு: ஜிக்ரெல்எம் அமைக்கும் முறை

மோடம் எண்ணை அழைத்து, கீச்சிட்டு, ஓய்ந்துவிட்டது. இணைப்பு கிடைத்துவிட்டதா, பாதியில் அறுந்ததா? உலாவியைத் திறந்து, பக்கம் வருகிறதா என்று காத்துக் கிடந்து இதைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நிமிடக் கணக்கில் காசு ஓடும்போது, துண்டித்துவிட்டோம் என்று நம்பி எழுந்துபோன இணைப்பு மாலை வரை உயிரோடு இருந்தால் இழப்பு நம் கையைத்தான் கடிக்கும். திரையின் ஓரத்தில் ஒரு சிறு விளக்கு, பக்கத்தில் ஓடும் கடிகாரம், கீழே வேகத்தைக் காட்டும் வரைபடம் என இந்த மூன்றும் இருந்தால் போதும். லினக்ஸில் இந்த மூன்றையும் ஒரே சன்னலில் தருவது ஜிக்ரெல்எம் (ஜி-கே-ஆர்-இ-எல்-எல்-எம்) என்ற கண்காணிப்பு நிரல். அதை, தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தில் சேரும் டயல்-அப்புக்கு ஏற்ப அமைக்கும் முறையை இங்கே பார்ப்போம். டெபியனையும் அதன் வழிவந்த லினக்ஸ்களையும் மனதில் வைத்தே கட்டளைகளைச் சொல்கிறோம்.

கட்டளைகளை எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலத்தில், இடைவெளி என்று சொல்லாத இடத்தில் இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து என்று சொல்லாத இடமெல்லாம் சிறிய எழுத்து. லினக்ஸ் இரண்டையும் வேறு வேறாகவே பார்க்கும். இந்த வேலையில் நேரும் பாதிப் பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன.

முதலில் விளக்கை மறந்துவிடுங்கள்

விளக்கு அமைப்பதற்கு முன்னால், டெர்மினலில் இருந்து இணைப்பு ஒழுங்காக வருவதும் போவதும் உறுதியாக வேண்டும். அது சரியில்லாமல் விளக்கைத் திருத்தி எந்தப் பயனும் இல்லை.

டயல்-அப் இணைப்பை நடத்தும் பிபிபி தொகுப்பையும் அதை அமைத்துத் தரும் பிபிபிகான்ஃபிக் தொகுப்பையும் நிறுவுங்கள். முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக பிபிபிகான்ஃபிக்கை இயக்கினால் அழைக்க வேண்டிய எண், பயனர் பெயர், கடவுச்சொல், மோடம் இருக்கும் துறை (போர்ட்), துறையின் வேகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். இணைப்புக்குப் பெயர் கேட்கும்போது அது தரும் ப்ரொவைடர் என்ற பெயரையே விட்டுவிடுங்கள். பின்னால் கட்டளை சுருக்கமாக இருக்கும். வேகத்துக்கு 115200 என்று கொடுங்கள். இது தொலைபேசிக் கம்பியின் வேகம் அன்று, கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே உள்ள வடத்தின் வேகம். மோடம் தரவைச் சுருக்கி அனுப்புவதால், வடம் கம்பியைவிட வேகமாக இருந்தாக வேண்டும்.

துறையின் பெயர் இங்கே முக்கியம். விண்டோஸில் காம்1 என்பது லினக்ஸில் டிடிஒய்எஸ்0. காம்2 என்பது டிடிஒய்எஸ்1. இவற்றில் எஸ் மட்டும் பெரிய எழுத்து. யுஎஸ்பி மோடமாக இருந்தால் டிடிஒய்ஏசிஎம்0 அல்லது டிடிஒய்யுஎஸ்பி0 என்று வரும். டிடிஒய்க்குப் பின்வரும் மூன்று எழுத்தும் பெரியவை. எது என்று தெரியவில்லையென்றால் மோடத்தைச் செருகிய கையோடு ரூட் பயனராக டி-எம்-இ-எஸ்-ஜி என்று அடித்துக் கடைசி வரிகளைப் பாருங்கள், பெயர் அங்கே இருக்கும். கிடைத்த பெயரைக் குறித்து வையுங்கள், விளக்கு அமைக்கும்போது அதே பெயர் மறுபடி வேண்டும்.

அடுத்தது அனுமதி. ரூட் அல்லாத பயனர் இணைப்பைத் தொடங்க, அவர் டி-ஐ-பி என்ற குழுவில் இருக்க வேண்டும். துறையை நேரடியாகத் தொடும் நிரல்களுக்கு டயல்அவுட் என்ற குழு. இரண்டிலும் சேர்த்துவிடுவது நல்லது. சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். அதுவரை பழைய அனுமதிதான் செல்லும். குழுவில் சேர்த்த பிறகும் அனுமதி மறுக்கப்படுகிறதே என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான் விட்டிருப்பார்கள்.

இனி சோதனை. பி-ஓ-என் என்று அடித்தால் அழைப்பு தொடங்கும். பி-எல்-ஓ-ஜி என்று அடித்தால் பதிவின் கடைசி வரிகள் தெரியும். அதில் உள்முகவரி, எதிர்முகவரி என இரண்டு ஐபி முகவரிகள் வந்துவிட்டால் இணைப்பு கிடைத்துவிட்டது. பி-ஓ-எஃப்-எஃப் துண்டிக்கும். இதை மூன்று முறையாவது செய்து பாருங்கள். மூன்று முறையும் சரியாக வந்தால் விளக்குக்குப் போகலாம்.

விளக்கு எதைப் பார்த்து எரிகிறது

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். பின்னால் எது கெட்டாலும் காரணம் இங்கேதான் இருக்கும்.

ஜிக்ரெல்எம் மோடத்தோடு பேசுவதே இல்லை. பிபிபிடி என்ற நிரல்தான் மோடத்தை ஆள்கிறது. அது விட்டுச்செல்லும் தடயங்களை மட்டும் ஜிக்ரெல்எம் பார்க்கிறது. அவற்றில் இரண்டு கோப்புகள் முக்கியமானவை.

ஒன்று பூட்டுக் கோப்பு. பிபிபிடி மோடத்தைக் கையில் எடுத்ததும் வேறு நிரல் எதுவும் அதைத் தொடக் கூடாது என்று /வார்/லாக் (வி-ஏ-ஆர், எல்-ஓ-சி-கே) அடைவில் ஒரு கோப்பை வைக்கும். எல்சிகே என்று மூன்று பெரிய எழுத்துகள், ஒட்டி இரண்டு புள்ளிகள், ஒட்டி துறையின் பெயர்: எல்சிகே..டிடிஒய்எஸ்0. அதைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே ஓர் எண், முன்னால் சில வெற்றிடங்களோடு. அது பிபிபிடியின் செயல் எண், அதாவது இயங்கும் நிரலுக்குக் கணினி தரும் எண். இந்தக் கோப்பு இருக்கிறது, இணைப்பு இன்னும் இல்லை என்றால், மோடம் அழைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மற்றொன்று செயல் எண் கோப்பு. எதிர்முனை மோடம் பதில் சொல்லி, பிபிபி0 என்ற வலை இடைமுகம் உருவானதும் /வார்/ரன் அடைவில் பிபிபி0.பிஐடி என்ற கோப்பு தோன்றும். கடிகாரம் இந்தக் கோப்பின் நேர முத்திரையில் இருந்துதான் எண்ணத் தொடங்குகிறது. அதனால் ஜிக்ரெல்எம்மை நடுவில் மூடித் திறந்தாலும் கடிகாரம் சுழியத்துக்குப் போகாது. இணைப்பு தொடங்கிய நேரத்தில் இருந்தே காட்டும். மிக நல்ல ஏற்பாடு இது.

ஆக விளக்குக்கு மூன்று நிலைகள்: அணைந்திருப்பது, அழைத்துக்கொண்டிருக்கும் காத்திருப்பு நிலை, இணைந்த நிலை. இயல்பான தோற்றத்தில் காத்திருப்புக்கு மஞ்சள், இணைப்புக்குப் பச்சை. தீம் மாற்றினால் நிறமும் மாறலாம்.

நிறுவி, பூட்டைக் காட்டிக்கொடுத்தல்

ஜிக்ரெல்எம் தொகுப்பை நிறுவி ஒருமுறை இயக்கி மூடுங்கள். முதல்முறை இயங்கும்போது உங்கள் வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்கும் ஜிக்ரெல்எம்2 என்ற மறை அடைவு உருவாகும். நமக்கு வேண்டியது அதுதான்.

பிரச்சினை என்னவென்றால், ஜிக்ரெல்எம் இயல்பாகத் தேடுவது எல்சிகே..மோடம் என்ற பூட்டை. துறைக்கு மோடம் என்று பெயர் சூட்டியிருந்த காலத்துப் பழக்கம் அது. உங்கள் பூட்டு எல்சிகே..டிடிஒய்எஸ்0 என்று இருக்கும், இரண்டும் பொருந்தாது. விளைவு, மஞ்சள் விளக்கு எரியவே எரியாது. அணைந்த நிலையில் இருந்து நேராகப் பச்சைக்குத் தாவும். இதைச் சரிசெய்ய, மறை அடைவுக்குள் எல்சிகே..மோடம் என்ற பெயரில் ஓர் இணைப்புக் கோப்பை வைத்து, அதை உண்மையான பூட்டுக்குச் சுட்ட வேண்டும்.

டெர்மினலில் முதலில் எல்-என், இடைவெளி, கழித்தல் குறி எஸ். பிறகு இடைவெளி விட்டு உண்மையான பூட்டின் முழுப் பாதை: /வார்/லாக்/எல்சிகே..டிடிஒய்எஸ்0. மீண்டும் இடைவெளி விட்டுப் புதிய பெயரின் பாதை: ~/.ஜிக்ரெல்எம்2/எல்சிகே..மோடம். மோடம் என்பது சிறிய எழுத்து. முதல் பாதையைச் சாய்கோட்டில் தொடங்கி முழுமையாகவே கொடுங்கள். சுருக்கிக் கொடுத்தால் இணைப்புக் கோப்பு எங்கோ வெற்றிடத்தைச் சுட்டும், பிழைச் செய்தியும் வராது.

அடைவைப் பட்டியலிட்டுப் பார்த்தால் இந்த இணைப்புக் கோப்பு சிவப்பாக, உடைந்ததுபோல் தெரியும். பயப்பட வேண்டாம். இணைப்பு இல்லாத நேரத்தில் பூட்டே இல்லை, அதனால் சுட்டும் இடம் காலியாக இருக்கிறது. மோடம் அழைக்கத் தொடங்கியதும் நிறம் மாறிவிடும். உடைந்திருக்கிறதே என்று இதை அழித்துவிடுகிறவர்கள் உண்டு, அழிக்காதீர்கள்.

நெட் பக்கத்தின் அமைப்புகள்

ஜிக்ரெல்எம் சன்னலின் மேல் விளிம்பில் வலது சொடுக்குச் செய்யுங்கள், அல்லது சன்னலின் மேல் சுட்டியை வைத்து எஃப்1 அழுத்துங்கள். பட்டியலில் கான்ஃபிகரேஷன், அதற்குள் பில்ட்இன்ஸ், அதற்குள் நெட்.

விளக்கும் கடிகாரமும் சேர்ந்த டைமர் பொத்தானின் வகையாக பிபிபி என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் இருக்கும் ஐபிபிபி, ஐஎஸ்டிஎன் என்ற எண்முறைத் தொலைபேசி இணைப்புக்கானது, அதைத் தொடாதீர்கள். பொத்தானோடு சேர வேண்டிய இடைமுகமாக பிபிபி0 இருக்கட்டும்.

தொடக்கக் கட்டளைக்கு /யுஎஸ்ஆர்/பின்/ என்று தொடங்கி பி-ஓ-என். நிறுத்தக் கட்டளைக்கு அதே பாதையில் பி-ஓ-எஃப்-எஃப். முன்னால், ரூட் அதிகாரம் வாங்கித் தரும் சுடோ கட்டளையைச் சேர்க்காதீர்கள். சுடோ கடவுச்சொல் கேட்கும். கேட்க டெர்மினல் இருக்காது. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசைவே இராது. அனுமதியைக் குழுவில் சேர்த்து வாங்கியாகிவிட்டதே, அது போதும்.

பிபிபி0 இடைமுகத்துக்கான பகுதியில், தடம் (தரவு வெளியே போகும் வழி) இல்லாதபோதும் வரைபடத்தைக் காட்டு என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்கினால் வரைபடம் எப்போதும் திரையில் இருக்கும். இயக்காவிட்டால் இணைப்பு வரும்போது தோன்றி, போகும்போது மறையும். சன்னல் ஒவ்வொரு முறையும் நீண்டு சுருங்குவது கண்ணை உறுத்தும். இயக்கிவிடுவதே மேல்.

மாதக் கணக்கு தொடங்கும் நாளையும் இங்கேயே கொடுக்கலாம். உங்கள் இணையக் கட்டணம் எந்தத் தேதியில் புதிதாகத் தொடங்குகிறதோ அந்தத் தேதியைக் கொடுங்கள். மொத்தப் பைட் கணக்கு பில்லோடு ஒத்துப்போகும்.

இனிப் பொத்தானை ஒருமுறை, ஒரே ஒருமுறை, அழுத்துங்கள். மஞ்சள் வரும். மோடம் கீச்சிட்டு வேகத்தைப் பேசி முடிக்கச் சுமார் 20 முதல் 30 விநாடி ஆகும். அதற்குள் பொறுமை இழந்து மறுபடி அழுத்தாதீர்கள். பச்சை வந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். இந்தக் கடிகாரம் தொலைபேசி பில்லைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும்: எதிர்முனை அழைப்பை எடுத்த நொடியில் பில் தொடங்கிவிடுகிறது, கடிகாரமோ மோடம்கள் பேசி முடித்த பிறகுதான் தொடங்குகிறது. அழைப்புக்கு அரை நிமிடம் கூட்டிக்கொண்டால் கணக்கு நெருங்கும்.

வரைபடத்தைப் படிப்பது

வரைபடம் இயல்பாகத் தன் அளவுகோலைத் தானே மாற்றிக்கொள்ளும். டயல்-அப்புக்கு இது ஏமாற்று வேலை: விநாடிக்கு 200 பைட் சொட்டும்போதும் வரைபடம் நிரம்பித் தெரியும், 5,000 பைட் பாயும்போதும் அப்படியே தெரியும். வரைபடத்தின் மேல் வலது சொடுக்குச் செய்து, கட்டம் ஒன்றுக்கு 2,000 பைட், கட்டங்கள் 3 என்று நிலையாக வைத்துவிடுங்கள். உச்சி 6,000. ஒரு பார்வையிலேயே வேகம் புரியும். இடது சொடுக்குச் செய்தால் எண்களாகவும் காட்டும்.

எவ்வளவு வந்தால் சரி? வி.90 என்ற தரத்தில் அமைந்த மோடத்தின் பெயரளவு வேகம் விநாடிக்கு 56,000 பிட். நடைமுறையில் 44,000 கிடைத்தால் நல்ல கம்பிதான். அதை 8 ஆல் வகுத்தால் விநாடிக்கு 5,500 பைட். ஏற்றும் திசையில் உச்சம் 33,600 பிட், அதாவது 4,200 பைட், வி.92 மோடமாக இருந்து எதிர்முனையும் ஒத்துழைத்தால் 48,000 பிட் வரை.

வெறும் எழுத்தாலான பக்கம் ஒன்றை இறக்கும்போது வரைபடம் 5,500 ஐத் தாண்டிப் போவதைப் பார்ப்பீர்கள். தவறு எதுவும் இல்லை. மோடம் சுருக்கி அனுப்பியதை இந்தப் பக்க மோடம் விரித்துத் தருகிறது. ஜிக்ரெல்எம் எண்ணுவது விரித்த பிறகு உள்ள பைட்டுகளை. ஏற்கெனவே சுருக்கிய படங்களிலும் ஜிப் கோப்புகளிலும் இந்தத் தாவல் இருக்காது. எப்படியும் 11,520 ஐத் தாண்டாது: வடத்தில் ஒவ்வொரு பைட்டும் 10 பிட்டாகப் போகிறது, 115200 ஐ 10 ஆல் வகுத்தால் அவ்வளவுதான். வேகத்தை 38400 என்று விட்டிருந்தால் வரைபடம் 3,840 இலேயே தட்டையாக நிற்கும். வரைபடம் மட்டம் வைத்ததுபோல் ஓரிடத்தில் நின்றால் முதலில் இந்த அமைப்பைப் பாருங்கள், கம்பியைக் குறை சொல்லாதீர்கள்.

பெரிய இணைப்புள்ள மின்னஞ்சலை அனுப்பும்போது இறங்கும் வேகம் படுத்துவிடுவதும் இயல்பே. இறங்கும் ஒவ்வொரு பொதிக்கும் நாம் ஒப்புகை அனுப்ப வேண்டும். அந்த ஒப்புகைகள் ஏற்றும் வரிசையில் சிக்கி நிற்கும். 1,500 பைட் பொதி ஒன்று 33,600 பிட் வேகத்தில் வெளியேறவே மூன்றில் ஒரு விநாடிக்கு மேல் ஆகிறது.

கம்பியின் உண்மை வேகம் எவ்வளவு என்று அறியப் பதிவைப் பாருங்கள். கனெக்ட் என்ற சொல்லுக்குப் பின் 115200 என்று இருந்தால் ஏமாற வேண்டாம், மோடம் சொல்வது வடத்தின் வேகத்தை. பல மோடங்களில் தொடக்கக் கட்டளையில் டபிள்யூ2 சேர்த்தால் கம்பியின் வேகத்தைச் சொல்லத் தொடங்கும். 49333 போன்ற எண் வந்தால் அதுதான் உண்மை.

விளக்கு பொய் சொல்லும் இடங்கள்

பச்சை எரிகிறது, எந்தப் பக்கமும் திறக்கவில்லை. பெரும்பாலும் பெயர்களை முகவரியாக்கும் வேலை நடக்கவில்லை. /இடிசி/பிபிபி/பியர்ஸ்/ப்ரொவைடர் கோப்பில் யூஸ்பியர்டிஎன்எஸ் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தும் வரவில்லையென்றால் டிஃபால்ட்ரூட் என்ற வரியைத் தேடுங்கள். கணினியில் வேறு வலை அட்டை ஒன்று ஏற்கெனவே இயல்புத் தடத்தைப் பிடித்திருந்தால் பிபிபிடி அதை மாற்றாது. அந்த அட்டையை நிறுத்திவிட்டு மறுபடி அழைக்க வேண்டும்.

கம்பி செத்துப் பத்து நிமிடம் ஆகியும் பச்சை எரிகிறது. இதற்கு இரண்டு காரணங்கள். அதே ப்ரொவைடர் கோப்பில் லோக்கல் என்ற சொல் இருந்தால் பிபிபிடி மோடத்தின் சமிக்ஞையைக் கண்டுகொள்ளாது; அதை எடுத்துவிட்டு மோடம் என்ற சொல்லைப் போடுங்கள். மற்றது, கம்பி அறுபடாமல் எதிர்முனைக் கணினி மட்டும் உறைந்துபோவது. இதற்கு எல்சிபி-எக்கோ-இன்டர்வல் 30, எல்சிபி-எக்கோ-ஃபெயிலியர் 4 என்று இரண்டு வரிகள் சேருங்கள். 30 விநாடிக்கு ஒருமுறை எதிர்முனையைக் கூப்பிட்டுப் பார்க்கும். தொடர்ந்து 4 முறை பதில் இல்லையென்றால் துண்டித்துவிடும். இந்த இரண்டு வரிகளையும் எல்லாரும் சேர்த்தாக வேண்டும். இவை இல்லாமல் பச்சை விளக்கை நம்ப முடியாது.

மஞ்சளிலேயே நிற்கிறது, மோடமோ ஓசையின்றி இருக்கிறது. பிபிபிடி கொல்லப்பட்டு, பூட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. பூட்டுக்குள் இருக்கும் செயல் எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணில் எதுவும் இயங்கவில்லையென்றால் ரூட் பயனராகப் பூட்டை அழித்துவிடலாம். மறுமுறை அழைக்கும்போது பிபிபிடி இதைத் தானே கண்டுகொள்ளும், ஆனால் ஜிக்ரெல்எம் கோப்பு இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும்.

அழைக்காதபோதே பச்சை எரிகிறது. டிமாண்ட் என்ற அமைப்பைப் போட்டிருப்பீர்கள். தேவைப்படும்போது தானே அழைக்கும் அந்த முறையில், அழைப்புக்கு முன்பே பிபிபி0 இடைமுகமும் தடமும் உருவாகிவிடும். விளக்கு வேண்டுமென்றால் டிமாண்டை விட்டுவிடுங்கள், இரண்டும் ஒத்துப்போகாது.

யாரும் தொடாமலே இணைப்பு மணிக்கணக்கில் தங்குகிறது. ஐடில் 600 என்று போட்டு, 10 நிமிடம் அசைவில்லையென்றால் துண்டிக்கச் சொல்லியிருந்தும் இப்படி நடந்தால், ஜிக்ரெல்எம்மின் மெயில் பகுதியைத் திறந்து பாருங்கள். அஞ்சல் வழங்கியைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும்படி அமைத்திருந்தால், அந்த எட்டிப் பார்த்தலே அசைவாகிவிடும். அதை நிறுத்துங்கள்.

அடிக்கடி அறுந்து, ஒவ்வொரு முறையும் கம்பியில் வேறு அழைப்பு வந்ததாகத் தெரிந்தால், காத்திருப்பு அழைப்பின் ஓசை மோடத்தைக் குழப்புகிறது. மோடத்தின் எஸ்10 என்ற பதிவேட்டை 50 ஆக்கினால், சமிக்ஞை 5 விநாடி வரை விட்டுப்போனாலும் மோடம் பொறுத்துக்கொள்ளும்.

துண்டித்த பிறகும் மிஞ்சும் கணக்கு

விளக்கு அணைந்ததும் கடிகாரத்தின் கணக்கு நினைவில் நிற்காது. பில்லோடு ஒப்பிட, ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு வரி எழுதிவைக்கலாம். துண்டிக்கும்போது /இடிசி/பிபிபி/ஐபி-டவுன்.டி அடைவில் உள்ள நிரல்களை பிபிபிடி இயக்கும். கனெக்ட்_டைம், பைட்ஸ்_சென்ட், பைட்ஸ்_ஆர்சிவிடி என்று முழுக்கப் பெரிய எழுத்தில் மூன்று மாறிகளை அவற்றுக்குக் கொடுக்கும்: முறையே விநாடிகள், அனுப்பிய பைட், பெற்ற பைட். தேதியோடு இந்த மூன்றையும் ஒரு கோப்பின் கடைசியில் சேர்க்கும் இரண்டு வரி ஷெல் நிரல் போதும். அதற்கு இயக்க அனுமதி கொடுங்கள். பெயரில் புள்ளி வைக்காதீர்கள்: முடிவில் .எஸ்எச் என்று இருந்தால் அந்த நிரல் சத்தமில்லாமல் தாண்டிப்போகப்படும். கணக்கு என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகப் பெயர் வைத்து, ஒருமுறை இணைத்துத் துண்டித்துப் பாருங்கள். கோப்பில் வரி விழுந்திருந்தால், அதில் உள்ள விநாடிகளை 60 ஆல் வகுத்து, துண்டிக்கும் முன் கடிகாரம் காட்டிய நேரத்தோடு ஒப்பிடுங்கள். சில விநாடிகளுக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது.